அழுகை யாருடைய பங்கு

தன் மகளின் படத்துக்கு முன்னால் இன்னொருத்தி அழுவதைப் பார்த்து நிரஞ்சனிக்கு வயிறு எரிந்தது.

தாரிணி படித்த பள்ளியின் சாப்பாட்டுக் கூடம் அது. அவளுடைய பிறந்தநாளில் அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவது பூபதியின் ஏற்பாடு. மணவிலக்கு ஆன பிறகும் அவன் அதை நிறுத்தவில்லை. நிரஞ்சனியும் வராமல் இருந்ததில்லை. மேசைமேல் மாலை போட்ட படத்தில் ஏழு வயதுத் தாரிணி முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் முன்னால் பூபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் அவனுடைய இரண்டாவது மனைவி ஷர்மிளா, ஆறு மாத வயிற்றோடு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி தேம்பிக்கொண்டிருந்தாள். தாரிணியை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

நிரஞ்சனி சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த கண்ணோடு நின்றாள்.

"பெத்தவ கல்லாட்ட நிக்கறா. நேத்து வந்தவ எப்படி அழுவறா பாரு," என்று பூபதியின் அத்தை பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

முதல் ஆண்டு இதைவிட மோசம். படத்தைப் பார்த்ததும், முன்பல் விழுந்த அன்று தாரிணி அதைத் தோசைக்குள் பிய்த்துப் பிய்த்துத் தேடியது நினைவுக்கு வந்தது. நிரஞ்சனி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து அவள் அங்கே நின்று தீரும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். அழுகை வராது. அவளுடைய வலது காதுக்குப் பின்னால், முடிக்கு அடியில், மிளகு அளவு வில்லை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பூபதிக்கும் அப்படி ஒன்று இருந்தது. கோயம்புத்தூரில் அந்தக் காலத்தில் மணவிலக்குப் பெற்ற எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் அது இருந்தது.

மறுநாள் நிரஞ்சனி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பங்கீட்டு மையத்துக்குப் போனாள். அவர்களுடைய வழக்கைப் பார்த்த அம்சவேணி அங்கேதான் இருந்தார். தலை இன்னும் கொஞ்சம் நரைத்திருந்தது.

"எனக்கு அழணும் மேடம்," என்றாள் நிரஞ்சனி.

"உக்காருங்கம்மா. என்ன அழணும்?"

"என்ற புள்ளைக்கு அழணும். மூணு வருசமா ஒரு சொட்டுக் கண்ணீர் வரலைங்க. ஊரே என்னையக் கல்லுங்குது."

அம்சவேணி பெருமூச்சு விட்டார். இந்தக் கோரிக்கை அவருக்குப் புதிதில்லை போலிருந்தது.

"பிரிக்கறப்பவே உங்களுக்குச் சொன்னேன். வீடு, நகை, வண்டி பிரிக்கறதெல்லாம் சுலபம். ஒரே நினைப்பை ரெண்டு பேரும் வச்சுக்கிட்டு இருந்தா சண்டை ஓயறதே இல்ல. நீ அன்னைக்கு இப்படிச் செஞ்ச, நான் அன்னைக்கு அப்படி இருந்தேன்னு பதினஞ்சு வருசம்கூட கோர்ட்டுக்கு அலைஞ்சிருக்காங்க. அதனாலதான் நினைப்பையும் பிரிக்கறோம். நடந்தது ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும். அதோட சூடு ஒருத்தருக்குத்தான்."

"ஞாபகம் இருக்குதுங்க. ஆஸ்பத்திரியில கட்டில் எந்தப் பக்கம் போட்டிருந்தாங்க, போர்வை என்ன கலரு, எல்லாமே இருக்குது. தேங்காய் பன் வேணும்னு கேட்டா. கீழ கேன்டீனுக்குப் போய் வாங்கிட்டு வந்தேன். ஒரு வாய்கூடத் திங்கலை. ஈரம் மின்னற மூஞ்சியோட படுத்திருந்தா. அவங்கப்பா கழுவி விட்டிருந்தாரு. அதுக்கப்புறம் ரெண்டே நாள்தான். பாருங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கதையாட்ட எப்படிச் சொல்றேன்னு. நெஞ்சுக்குள்ள ஒண்ணுமே இல்ல."

"வில்லை ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீங்க நேர்ல பார்த்தது, கேட்டது, தொட்டது எல்லாம் அதுக்குத் தெரியும். அதுல அவர் பங்குக்குப் போனது எதுவோ, அதை நீங்க நினைக்கறப்பவே சூட்டை இறக்கிடும்."

"எடுத்துடுங்க."

"ஒருத்தருக்கு மட்டும் எடுக்க முடியாது. மாத்துப் பங்கு வேணா கேக்கலாம். அவர் நினைப்புக் கட்டு உங்களுக்கு வரும், உங்க கட்டு அவருக்குப் போகும். அவர் சம்மதிக்கணும்."

"என்ற கட்டுன்னா, தாரு பிறந்ததுல இருந்து..."

"நோவு வர்ற வரைக்கும். அவ சிரிப்பெல்லாம் அதுலதானே இருக்கு."

நிரஞ்சனி எழுந்துவிட்டாள். "அதைத் தூக்கி அவருக்குக் குடுத்துட்டு நான் வெறுமனே அழுதுட்டு உக்காந்திருக்கணுமா?"

"அதைத்தான் நீங்க கேட்டுக்கிட்டு வந்திருக்கீங்க," என்றார் அம்சவேணி. கதவுவரை வந்து, "இதைப் பத்தி அவர்கிட்டப் பேசிடாதீங்க. பிரிச்ச பங்கைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கறதில்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றும் சொன்னார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நிரஞ்சனிக்குப் பங்கு பிரித்த நாளே மனத்தில் ஓடியது.

நினைவுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு திரையில் காட்டினார்கள். கல்யாணமும் முதல் வருடமும் ஒரு கட்டு. டாப்ஸ்லிப் காட்டுக்குப் போய்வந்தது ஒரு கட்டு. தாரிணியின் நல்ல நாட்கள் ஒன்று. ஆஸ்பத்திரி நாட்கள் இன்னொன்று. ஆளுக்கு நூறு புள்ளி. எந்தக் கட்டு வேண்டுமோ அதன்மேல் புள்ளி வைக்க வேண்டும். யார் அதிகம் வைக்கிறார்களோ கட்டு அவருக்கு. ஒருவர் வைப்பது மற்றவருக்குத் தெரியாது.

நிரஞ்சனி யோசிக்கவே இல்லை. பூபதிக்கு எது வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்தாள். மோட்டார் கம்பெனி வேலை முடிந்து அவன் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே தாரிணிக்குத் தெரிந்துவிடும். அதுவரை அம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டிருந்தவள், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். சோறூட்டி, தலைவாரி, வீட்டுப்பாடத்துக்குச் சண்டை போட்ட நிரஞ்சனி, பள்ளிப் பையைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்று சிரிப்பாள். நாள் முழுக்க அவள் சேர்த்ததை அவன் ஒரு நிமிடத்தில் அள்ளிக்கொண்டு போவதுபோல் இருக்கும். ஆனாலும் சிரிக்க வேண்டும். அப்பனும் மகளும் கொஞ்சுவதைப் பார்த்து எந்த அம்மாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது.

அந்த நாட்களை அவனுக்கு விடக்கூடாது. நூறு புள்ளியையும் அவற்றின் மேலேயே வைத்தாள். ஆஸ்பத்திரி நாட்களை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

பூபதி தன் நூறையும் ஆஸ்பத்திரியின் மேல் வைத்திருந்தான். வீட்டையும் ஒரு வார்த்தை பேசாமல் அவளுக்கே விட்டுக்கொடுத்தான். அன்று முடிவு வந்தபோது நிரஞ்சனிக்கு வெற்றியாகத்தான் இருந்தது. வில்லை வைத்த பிறகு, முதல் பிறந்தநாளில் எல்லோர் முன்னாலும் சிரித்த பிறகுதான், அவன் எதைக் கொண்டுபோயிருக்கிறான் என்பது புரிந்தது. தாரிணி செத்துப்போனது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வராத பிள்ளை என்பதுபோல்தான் மனம் இருந்தது. துக்கம் முழுவதும் அவன் வீட்டில் இருந்தது. அதில் ஒரு பங்கு ஷர்மிளாவுக்கும் போயிருந்தது.

அந்த ஷர்மிளாதான் சனிக்கிழமை மத்தியானம் வந்து கதவைத் தட்டினாள்.

"உள்ள வரலாங்களா அக்கா?"

வா என்று சொல்லாமல் நிரஞ்சனி வழிவிட்டாள். ஷர்மிளா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அவள் கண் சுவரில் இருந்த பென்சில் கோடுகளில் போய் நின்றது. தாரிணியின் உயரத்தை அளந்த கோடுகள்.

"அவரு தாருவைப் பத்தி உங்ககிட்டப் பேசுவாருங்களா?" என்று கேட்டாள் நிரஞ்சனி. மற்ற எதையும் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"பேசுவாருங்க. கடைசி நாளுங்களை மட்டும்தான். ஊசி போட இடமில்லாம கையெல்லாம் வீங்கிக் கெடந்தது, மூச்சு எப்படி வந்துச்சு, எப்படி நின்னுச்சு. கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் புள்ள என் மடியில போன மாதிரியே ஆயிப்போச்சு."

ஷர்மிளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ என்ன சேட்டை பண்ணுவா, என்ன பாட்டுப் புடிக்கும்னு கேட்டா, அதையும் சொல்லுவாரு. ரேசன் கடையில சாமான் பேரு வாசிக்கறாப்பல சொல்லுவாரு. மூஞ்சியில ஒண்ணும் வராது." ஷர்மிளா தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாள். "ஸ்கேனுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறாரு. தொட்டில் பாக்கலாம்னா எந்திரிச்சுப் போயிடறாரு. கொழந்தைன்னா அவருக்குச் சாவு ஒண்ணுதான் தெரியுதுங்க. வேற ஒண்ணுமே அவருகிட்ட இல்ல."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"மாத்திக்குங்கக்கா. அவரு பங்கை நீங்க எடுத்துக்குங்க."

"ஏனுங்க, நீங்க ஒரு கொழந்தையப் பெத்துக்கறதுக்கு, என்ற கொழந்தையோட சிரிப்பைக் கேட்டு வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க," என்றாள் ஷர்மிளா.

இப்படி ஒப்புக்கொள்வாள் என்று நிரஞ்சனி எதிர்பார்க்கவில்லை.

"தப்புன்னு தெரியுதுங்க. ஆனா எனக்கும் எரியுதுக்கா. அந்தக் கோட்டைப் பாத்தா உங்களுக்கு உதட்டு ஓரத்துல சிரிப்பு வருது. இப்பக்கூட வந்துச்சு. எங்க வீட்டுல ஒரு நாளாவது அப்படி ஒரு சிரிப்பைப் பாக்கோணும்னு இருக்குது."

நிரஞ்சனி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"அவரை வரச் சொல்லுங்க. கேக்கறதா இருந்தா அவரே வாய் தொறந்து கேக்கட்டும்," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் பூபதி வந்தான். வந்தான் என்பதைவிட, ஷர்மிளா வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள் என்பதே சரி. அவள் உள்ளே வரவில்லை. வாசல் பாதாம் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீங்க பேசுங்க, நான் இங்கயே இருக்கறேன்," என்று சொல்லிவிட்டாள்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவன் அந்த வீட்டுக்குள் கால் வைத்தான். சுவர்க் கோடுகளைப் பார்த்தான். எங்கோ பார்த்த பழைய கணக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அதைக் கண்டு நிரஞ்சனிக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. உடனே அந்தச் சந்தோஷத்தின் மேல் வெறுப்பாகவும் இருந்தது.

"காப்பி போடட்டுங்களா?"

"வேண்டாம் நிரா."

"அப்ப நேரா கேக்கறேன். எதுக்குங்க ஆஸ்பத்திரி மேல புள்ளி வச்சீங்க? உங்க சொந்தமெல்லாம் என்ன பேசிக்கறாங்க தெரியுங்களா? நிரஞ்சனி தாங்கமாட்டான்னு அந்தப் பாரத்தை அவனே எடுத்துக்கிட்டான், அவனுக்குப் பெரிய மனசுங்கறாங்க. என்ற பாரத்தை எடுக்கச் சொல்லி உங்களை யாரு கேட்டா?"

பூபதி தலையைக் குனிந்துகொண்டான். "பெரிய மனசெல்லாம் ஒண்ணுமில்ல. பொறாமை."

"என்னது?"

"பொறாமைன்னேன். கடைசியில உன்னையத்தான கூப்பிட்டா. அம்மா, அம்மான்னு. நான் தண்ணி குடுத்தா, அம்மா குடுக்கட்டும்ங்கறா. உன்ற கையத்தான் புடிச்சிருந்தா. நான் கால்மாட்டுல நின்னுட்டு இருந்தேன். தெனமும் வாசலுக்கு ஓடி வந்த புள்ள நிரா. கடைசியில நான் யாரோ ஆயிட்டேன். அந்தக் கைய உங்கிட்ட இருந்து புடுங்கோணும்னு இருந்துச்சு. புடுங்கறதுக்கு அந்த மையத்துல வழி வச்சிருந்தாங்க, புடுங்கிட்டேன்."

"நல்லாப் புடுங்குனீங்க."

"புடுங்கி என்ன? என்ற நினைப்புலயும் அவ உன்னையத்தான் கூப்புடறா. மூணு வருசமாக் கூப்புடறா. நான் யாரைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தட்டும்?"

நிரஞ்சனி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இதைக் கேட்டுத் தரையில் விழுந்து அழ வேண்டியவள் அவள். அந்தச் சின்னக் கையின் பிடி அவளுக்கு ஞாபகம் இருந்தது. அம்மா என்ற அந்தக் குரலும் இருந்தது. ஆனால் நினைக்க நினைக்கவே வில்லை எல்லாவற்றையும் ஆற வைத்துக்கொண்டிருந்தது. அவளைக் கூப்பிட்ட குரலை அவன் தினமும் சுடச்சுடக் கேட்கிறான் என்ற எரிச்சல் மட்டும் ஆறவில்லை. பொறாமைக்கு வில்லை கிடையாது.

"மாத்திக்கறதுன்னா எனக்குச் சம்மதம்," என்றான் பூபதி. "எதுக்கு வந்தனோ அதைச் சொல்லிட்டேன். ஆனா மாத்தறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடோணும். மாத்திட்டா எனக்கே அது ஆறிப்போயிடும். அப்புறம் ஒழுங்காச் சொல்ல வராது. யாருகிட்டயும் நான் அதைச் சொல்லலை."

"ஷர்மிளாகிட்டயுமா?"

"அவகிட்டயும். தாரு எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான். அதனால வச்சிருந்தேன்." அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நீ பன் வாங்கக் கீழ போனியே."

"தேங்காய் பன். ஆமா. திங்கவே இல்ல."

"அவளுக்குப் பன்னே வேண்டாம் நிரா. நீ கதவைச் சாத்திட்டுப் போற வரைக்கும் பாத்துட்டே இருந்தா. அப்புறம் என்ற சட்டையப் புடிச்சு இழுத்து, மூஞ்சிய என்ற தோள்ல அமுக்கிட்டு அழுதா பாரு. சத்தம் வெளிய வராம அழுதா. அத்தனை நேரம் அடக்கி வச்சிருந்திருக்கா. ‘ரொம்ப வலிக்குதுப்பா’ன்னா. அம்மாவைக் கூப்புடட்டுமா சாமின்னேன். ‘வேண்டாம்ப்பா, அதுக்குத்தான பன் கேட்டேன். நான் அழுதேன்னு அம்மாகிட்டச் சொல்லிடாத. அம்மா பாவம்.’ அப்புறம், மூஞ்சியக் கழுவி விடுன்னா. கழுவி விட்டேன். நீ வந்துட்ட."



நிரஞ்சனி கேன்டீனில் வரிசையில் நின்ற நேரம் அது. சூடாக இருக்கிறதா என்று பன்னைத் தொட்டுப் பார்த்து வாங்கிய நேரம். அந்த அறையில் நடந்த எதையும் அவள் பார்த்ததில்லை, கேட்டதில்லை. அவளிடம் இல்லாததை வில்லையால் எங்கே தேட முடியும்? அது தேடிப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காமல் விட்டிருக்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு மேலே ஏறி வந்தது. முதலில் அது மூச்சுத் திணறல் என்றே நினைத்தாள். பிறகு அது சத்தமாக வெளியே வந்தது. மூன்று ஆண்டுகளாக அவளுக்கு வராத சத்தம்.

"தாரு," என்றாள். "என்ற தாரு. எங்கிட்ட அழுதிருக்கலாமல்ல கண்ணு."

பூபதி அவள் பக்கத்தில் வரவில்லை. வரும் உரிமை தனக்கில்லை என்பதுபோல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அழுதாள். முகம் கோண, மூக்கு ஒழுக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள். இருட்டத் தொடங்கியபோதுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்து நிமிர்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. நெஞ்சுக்குள் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. அது வலித்தது. அந்த வலியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"நாளைக்கு மையத்துக்குப் போய் எழுதிக் குடுத்துடலாமா?" என்று கேட்டான் பூபதி.

"இருங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க பாக்காதது எங்கிட்டயும் இருக்குது. காலைல நீங்க கம்பெனிக்குக் கிளம்பிப் போனதும் இந்த வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன நடக்கும்?"

"உங்க பழைய தொப்பிய எடுத்து மாட்டிக்குவா. கண்ணு மறைஞ்சு மூக்கு வரைக்கும் வரும். இடுப்புல கையை வச்சுக்கிட்டு என்னையத் திட்டுவா. ‘நிரா, என்ற சாவிய எங்க வச்ச? வச்ச எடத்துல ஒரு சாமான் இருக்கறதில்ல இந்த வீட்டுல.’ அப்படியே உங்க குரலு. கட்டிலுக்கு அடியில தேடுவா, அரிசி டப்பாவுல தேடுவா, பிரிட்ஜைத் தொறந்து முட்டைய ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பா. கடைசில சட்டைப் பையில இருந்து எடுத்துட்டு, ‘இங்கதான் இருக்குது, நீ ஏன் முன்னாலயே சொல்லலை’ன்னு அதுக்கும் என்னையவே திட்டுவா."

பூபதியின் முகம் முதலில் சும்மா இருந்தது. பிறகு கன்னத்தில் ஏதோ இழுத்தது. "முட்டையிலயா தேடுனா?" என்றான்.

"ஒவ்வொண்ணா. காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாப்பா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு சிரிப்பு. நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நாற்காலியே ஆடும்படி சிரித்தான். அதைப் பார்த்து அழுது சிவந்த முகத்தோடு நிரஞ்சனியும் சிரித்தாள்.

"இன்னும் சொல்லு," என்றான். "நான் இல்லாதப்ப நடந்தது எல்லாத்தையும் சொல்லு."

"நீங்களும் சொல்லோணும்."

"சொல்றேன்."

மையத்துக்குப் போவதைப் பற்றி இருவரும் மறந்துபோனார்கள்.

விளக்கைப் போட எழுந்தபோதுதான் நிரஞ்சனி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஜன்னல் முழுக்கத் திறந்தே இருந்தது. பாதாம் மரத்தடியில் ஷர்மிளா நின்றுகொண்டிருந்தாள். பூபதியின் தலைக்கவசத்தை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். தன் வீட்டில் கேட்க ஆசைப்பட்ட சிரிப்பை அவள் கேட்டுவிட்டாள். தேங்காய் பன்னைப் பற்றியும் கேட்டிருப்பாள்.

"இருட்டுல நிக்காதீங்க. உள்ள வாங்க," என்று கூப்பிட்டாள் நிரஞ்சனி.

"இருக்கட்டுங்கக்கா. நீங்க பேசிட்டு இருங்க," என்றாள் ஷர்மிளா. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நிரஞ்சனிக்குத் தெரியும். இதே வாசலில், பள்ளிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் தினமும் சிரித்த சிரிப்பு அது.